ஒரு டைல்ஸை எடுக்கணும், பக்கத்து டைல்ஸ் பொழைக்கணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

பாத்ரூம் கசிவு பத்திப் பேசுனதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "சுவத்துக்குள்ள பைப் கசியுது. வந்து பார்த்தவர் மொத்தச் சுவரையும் உடைச்சிரலாம்ங்கிறார். நாலு டைல்ஸ் மட்டும் எடுத்து வேலையை முடிக்க முடியாதா?"

முடியும். இன்னைக்கு எபிசோடு முழுக்க அதுதான். பாத்ரூம் சுவத்துல குறிப்பிட்ட சில டைல்ஸை மட்டும் எப்படி எடுக்கறது, சுத்தி இருக்கற டைல்ஸ் கீறாம, முனை உடையாம எப்படிக் காப்பாத்தறது, எந்த இடத்துல "இது நம்ம கையால ஆகாது"ன்னு நிறுத்திக்கணும். இந்த மூணும்.

கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா பணம் எங்க போகுதுன்னு பாருங்க. பைப்ல ஒரு எல்போ மாத்தறதுக்கு ஆகற செலவு கொஞ்சம்தான். அந்த எல்போவைத் தொடறதுக்கு சுவரை உடைச்சு, பூசி, திரும்ப டைல்ஸ் ஒட்டற செலவு அதைவிடப் பல மடங்கு. பழைய டிசைன் இப்ப கடையில கிடைக்காது. அதனால ஒரு சுவரை உடைச்சா, மேட்ச் ஆகலேன்னு மத்த மூணு சுவரையும் உடைக்க வேண்டியதா ஆயிரும். வாடகை வீடா இருந்தா அட்வான்ஸ் வேற மாட்டிக்கும்.

எங்க வீட்டுக் கதையே அதுதான். தூத்துக்குடியில எங்க வீடு 1990-கள்ல கட்டுனது. அப்பா ஹார்பர்ல வேலை பார்த்த காலத்துல, பாத்ரூமுக்கு எட்டுக்குப் பன்னெண்டு அங்குல க்ரீம் கலர் டைல்ஸ், நடுவுல நீலத்துல அலை மாதிரி ஒரு பார்டர் வரிசை, தேடி வாங்கிப் போட்டாங்க. அப்பா இப்ப இல்லை. படுக்கையறைப் பக்கம் பெயிண்ட் உப்பிக்கிட்டு வந்தப்ப, வந்தவர் சொன்னது முழுச் சுவரும் உடைக்கணும்னுதான். அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க: "அந்த பார்டர் மேல கை வெக்காதீங்க." கசிவு இருந்தது பார்டருக்கு ஒரு வரிசை கீழ. கடைசியில நாங்க எடுத்தது மூணே மூணு டைல்ஸ். எடுத்த விதத்தைத்தான் சொல்லப்போறேன்.

நம்ம ஊர்ச் சுவர்ல என்ன நடக்குது

தூத்துக்குடிக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம். உப்பளம் பார்த்திருப்பீங்க. பாத்தியில கடல்தண்ணி நிக்குது, வெயில்ல தண்ணி ஆவியாகுது, உப்பு படிகமாகுது. இதே வேலை உங்க பாத்ரூம் சுவத்துக்குள்ளயும் நடக்குது. சுவத்துல ஊறுற தண்ணி, செங்கல்லயும் பூச்சுலயும் இருக்கற உப்பைக் கரைச்சுக்கிட்டு வெளிப்பக்கமா நகரும். காய்ஞ்சதும் உப்பு மட்டும் தங்கும். டைல்ஸுக்கும் பூச்சுக்கும் நடுவுல தங்கினா, படிகம் வளர வளர டைல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளும்.

சாதா உப்புக்கு ஒரு குணம் இருக்கு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா அது ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கீழ இறங்கினா மறுபடி படிகமாகும். கடற்கரை ஊர்ல ஈரப்பதம் இந்த அளவுக்கு மேலயும் கீழயும் ஏறி இறங்கிட்டே இருக்கும். அதனால சுவத்துல உப்பு கரையறதும் இறுகறதும் மாறி மாறி நடக்கும். சுவரு பொரியுதுன்னு நம்ம ஊர்ல சொல்றது இதைத்தான்.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியில எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள்ள தண்ணி நின்னுச்சு. பெயிண்ட் அடிச்ச சுவர் வெளிப்பக்கமாக் காயும். டைல்ஸ் ஒட்டின சுவத்துக்கு முன்பக்கம் மூடிக்கிடக்கறதால, ஈரம் பின்பக்கமாவும் இணைப்புக் கோடு வழியாவும்தான் வெளிய போகணும். அதுக்கு மாசக்கணக்குல ஆகும். தண்ணி நின்ன வீடா இருந்தா அடி வரிசை டைல்ஸை ஒரு தடவை தட்டிப் பாருங்க.

கசிவை ரொம்ப நாள் விடக்கூடாதுங்கறதுக்கும் இதுதான் காரணம். உப்புத்தண்ணி பக்கத்துல இருக்கற கான்கிரீட் பீமுக்கோ தூணுக்கோ போய்ச் சேர்ந்தா உள்ள இருக்கற கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். அப்ப கான்கிரீட் பிளந்து உதிரும். டைல்ஸ் பிரச்சினையா ஆரம்பிச்சது கட்டடப் பிரச்சினையா மாறிடும்.

முதல்ல காது, அப்புறம் கை

உளியைத் தொடறதுக்கு முன்னாடி எந்த டைல்ஸை எடுக்கணும்னு முடிவு பண்ணணும். ஒரு ரூபாய் நாணயமோ ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியோ போதும். ஒவ்வொரு டைல்ஸையும் நாலு மூலை, நடு, அஞ்சு இடத்துல மெதுவாத் தட்டுங்க.

[ஒலி: டிக், டிக், டிக்]

இது பின்னாடி கலவை நிறைஞ்சு பிடிச்சிருக்கற டைல்ஸ்.

[ஒலி: டொக், டொக்]

இது பின்னாடி காலியா இருக்கறது. நல்ல தேங்காய்க்கும் கொப்பரைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி, ரெண்டு தடவை கேட்டா காது பிடிச்சுக்கும். டொக்னு சத்தம் வர்ற டைல்ஸ் மேல பென்சில்ல ஒரு வட்டம் போடுங்க. இது ரெண்டு விதத்துல உதவும். எடுக்க வேண்டிய டைல்ஸ் டொக்னு சொன்னா நல்லது, சுலபமா வரும். பக்கத்து டைல்ஸ் டொக்னு சொன்னா ஜாக்கிரதை. அதுக்குப் பின்னாடி பிடிப்பு இல்லாததால சின்ன அதிர்வுக்கே விரிசல் விடும்.

அடுத்து, கசிவு எங்கேன்னு தெரியணும். குளிக்கும்போது மட்டும் சுவர் நனைஞ்சா இணைப்புக் கோட்டையும், டைவர்ட்டர்ல இருந்து ஷவருக்கு ஏறுற பைப்பையும் சந்தேகப்படுங்க. ஏன்னா அந்தப் பைப்ல ஷவர் திறந்தாத்தான் தண்ணி ஓடும். யாரும் குளிக்காதப்பவும் ஈரம் கூடிக்கிட்டே போனா, எப்பவும் தண்ணி நிக்கற சப்ளை லைன்ல கோளாறு. இதை உறுதி பண்ண பிளம்பர்கிட்ட பிரஷர் டெஸ்ட் கேளுங்க. குழாய் வாய்களையெல்லாம் அடைச்சு, ஒரு கை பம்ப்பால அழுத்தம் ஏத்தி, மீட்டர் முள் இறங்குதான்னு பார்ப்பாங்க. இந்த டெஸ்ட் பண்ணாம சுவரை உடைக்கச் சொல்றவரை உடைக்க விடாதீங்க.

பைப் போற வழியையும் குறிச்சுக்குங்க. பெரும்பாலும் குழாய்க்கு நேர் மேலயோ கீழயோ செங்குத்தாப் போகும். ரெண்டு குழாய்க்கு நடுவுல படுக்கைவசமாப் போகும். கீசர் இருந்தா அதுக்கு வர்ற ஒயர் பைப்பும் அந்தச் சுவத்துலதான் இருக்கும். வீடு கட்டும்போது எடுத்த போட்டோ யார்கிட்டயாவது இருந்தா இப்பத் தேடி எடுங்க. புதுசா வீடு கட்டறவங்க, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி நாலு சுவத்தையும் போனுல படம் பிடிச்சு வெச்சுக்குங்க. ஒரு நிமிஷ வேலை, இருபது வருஷம் கழிச்சு உதவும்.

மாத்து டைல்ஸ் எங்க கிடைக்கும்

எடுக்கற டைல்ஸ் உடையும்னே வெச்சுக்கிட்டுத் திட்டம் போடுங்க. அப்ப அந்த இடத்துல என்ன ஒட்டறது?

முதல் இடம் உங்க வீட்டுப் பரண். பழைய ஆளுங்க மிச்சம் விழுந்த டைல்ஸைத் தூக்கிப் போட மாட்டாங்க. மாடிப்படிக்குக் கீழ, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல, பூந்தொட்டிக்கு அடியில கூட இருக்கும்.

ரெண்டாவது இடம் அதே பாத்ரூம். கண்ணாடிக்குப் பின்னாடி, வாஷ்பேசினுக்குக் கீழ, கதவு திறந்தா மறையற மூலை, இங்கெல்லாம் யார் கண்ணுக்கும் படாத டைல்ஸ் இருக்கும். அதை முழுசா எடுக்க முடிஞ்சா கண்ணுல படற இடத்துக்குக் கொண்டுவரலாம். அந்த மறைவான இடத்துல கிட்டத்தட்ட அதே நிறத்துல வேற டைல்ஸ் ஒட்டிரலாம். கடையில கேட்டுப் பார்க்கறதா இருந்தா, இன்னைக்கு நம்ம ஊர்க் கடையில இருக்கற டைல்ஸ்ல பெரும்பங்கு குஜராத்ல மோர்பியில இருந்து வர்றது. அங்க டிசைன் வேகமா மாறும். இருபது வருஷப் பழைய டிசைனை யாரும் கையிருப்புல வெச்சிருக்க மாட்டாங்க. அளவு சரியாக் கிடைச்சாலே அதிர்ஷ்டம்தான்.

மூணாவது வழி, மேட்ச் பண்ணாமலே விடறது. மூணு டைல்ஸ் தள்ளித் தள்ளி இருந்தா, வேணும்னே நிறம் மாறின டைல்ஸ் போட்டு அலங்காரம் மாதிரி ஆக்கிரலாம். ஒட்டுப்போட்டது மாதிரி தெரியாது.

எது பலவீனமோ அதுதான் உடையும்

இப்ப இந்த வேலையோட அடிப்படை. இது புரிஞ்சா மீதியை நீங்களே யோசிச்சுக்குவீங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பொருள் கடைகள் இருக்கு. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது கிடைக்கற கதவு, தூண், பாத்திரத்தோட, பூ வேலைப்பாடு போட்ட பழைய ஜப்பான் டைல்ஸும் அங்க வரும். நூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்து சுவத்துல ஒட்டினது. தைவான்ல சியாயிங்கற ஊர்ல, இதே மாதிரி இடிபடற வீடுகள்ல இருந்து மீட்ட டைல்ஸுக்குன்னு ஒரு அருங்காட்சியகமே இருக்கு. அந்தக் காலத்து டைல்ஸ் முழுசா வருது, 1990-கள்ல போட்டது ஏன் நொறுங்குது?

பதில் கலவையில இருக்கு. பழைய வீடுகள்ல சுண்ணாம்புக் காரை. அது டைல்ஸைவிட மெதுவானது. தட்டினா காரை உதிரும், டைல்ஸ் பொழைக்கும். நம்ம கடற்கரையிலயும் சுண்ணாம்புதான் புழங்கிச்சு. மன்னார் வளைகுடாவுல பவளப்பாறையை வெட்டிக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் எடுத்தாங்க. தூத்துக்குடிக்கு எதிர்ல இருந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள்ள போனதுக்கு அந்தப் பவள அகழ்வும் ஒரு காரணம். அது தனி எபிசோடுக்கான கதை.

சிமெண்ட் வந்ததும் நிலைமை தலைகீழ். சிமெண்ட் கலவை இறுகிட்டா சுவர் டைல்ஸைவிட உறுதியா ஆயிரும். சுவர் டைல்ஸோட உடம்பு நுண்துளை நிறைஞ்சது. எடையில 10 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கற வகை. தரையில போடற விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடக் குடிக்காது. இப்படி உறுதியான கலவையில மெல்லிசா, நொய்மையா ஒரு டைல்ஸ். நெம்பினா எது உடையும்? டைல்ஸ்தான்.

ஆக விதி ஒண்ணே ஒண்ணு. விரிசல் எப்பவும் பலவீனமான பாதையிலதான் ஓடும். அந்தப் பாதை எங்க இருக்கணும்னு முதல்லயே நாம வெட்டி வெச்சிரணும். எடுக்கற டைல்ஸைச் சுத்தி ஒரு அகழி வெட்டிட்டா, உள்ள அடிக்கற அடி வெளிய போகாது. வேலையில பாதி நேரம் அந்த அகழிக்கே போகும். உடைக்கறது கடைசி அஞ்சு நிமிஷம்தான்.

முத்துக்குளிச்ச காலத்துல சிப்பியைக் கரைக்குக் கொண்டு வந்ததும் கத்தியால நெம்பிக்கிட்டு உக்கார மாட்டாங்க. வேலி அடைச்ச இடத்துல குவிச்சு, சதை அழுகற வரைக்கும் விட்டு, அப்புறம் கழுவி அலசி முத்து எடுப்பாங்க. அவசரம் முத்தைக் கீறும்னு தெரிஞ்ச ஊர் இது. அந்தப் பொறுமை இந்த வேலைக்கும் வேணும்.

வேலைக்கு முன்னாடி

தண்ணியை மேல்தொட்டி வால்வுலயே மூடுங்க. குழாயைத் திறந்து லைன்ல மிச்சம் இருக்கறதை வடிய விடுங்க. கீசரோட எம்சிபியை இறக்குங்க, டெஸ்டரால பார்த்துக்குங்க.

தரை ஓட்டையில துணி திணிங்க. டைல்ஸ் சில்லு போய் அடைச்சா அது அடுத்த செலவு. கம்மோடு மூடி மேல தடிமனா ஒரு துணி. தரைக்கு சாக்கோ அட்டையோ போடுங்க. நியூஸ்பேப்பர் போதாது, உளி தவறி விழுந்தா தரை டைல்ஸ் போயிரும்.

பக்கத்து டைல்ஸ் நாலு ஓரத்துலயும் மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டுங்க. கிளேஸ்ங்கறது கண்ணாடிப் படலம். ஓரத்துலதான் முதல்ல செதில் விடும்.

அடுத்து உங்க நுரையீரல். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். டைல்ஸ், சிமெண்ட், மணல் மூணுலயும் சிலிக்கா இருக்கு. மெஷின்ல வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத தூளா அது பறக்கும். தொடர்ந்து சுவாசிச்சா சிலிக்கோசிஸ். நுரையீரல்ல வர்ற தழும்பு, அதைச் சரிபண்ண மருந்து கிடையாது. ஒருநாள் வேலை பார்க்கற உங்களைவிட, தினமும் பத்து பாத்ரூம் வெட்டற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும்தான் ஆபத்து அதிகம். கைக்குட்டை கட்டிக்கறது உதவாது. என்95 மாஸ்க் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வேலை செய்யறவருக்கு. "பழக்கம்தான் தம்பி, ஒண்ணும் ஆகாது"ம்பாங்க. "எனக்காகப் போட்டுக்குங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிக் கையில கொடுங்க. வெட்டற இடத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தா தூசி அடங்கும். ஆனா தண்ணியும் கரண்ட்டும் ஒரே இடத்துல இருக்கறதால, பிளக் பாத்ரூமுக்கு வெளிய, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கற லைன்ல இருக்கணும். வீட்டுல அது இல்லேன்னா மெஷினை விட்டுட்டுக் கை ரம்பத்துலயே வேலையை முடிங்க. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். உடைஞ்ச டைல்ஸ் பிளேடு மாதிரி இருக்கும்.

இப்ப எடுக்கலாம்

முதல் படி, இணைப்புக் கோடு. எடுக்கற டைல்ஸோட நாலு பக்கமும், டைல்ஸ் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்கு, கிரௌட்டைச் சுரண்டி எடுக்கணும். சுவர் டைல்ஸ் கனம் பெரும்பாலும் ஆறுல இருந்து எட்டு மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில கிரௌட் ரம்பம்னு கேட்டா கிடைக்கும். கிடைக்கலேன்னா ஆக்ஸா பிளேடை உடைச்சு, ஒரு முனையில துணி சுத்தி டேப் போட்டா அதுவே ரம்பம். மெதுவா இழுங்க, முன்னாடி தள்ளாதீங்க. தள்ளினா வழுக்கிப் பக்கத்து டைல்ஸ் மேல ஏறும். அதிர்ந்து வெட்டற மல்டி டூல் இருந்தா வேலை வேகமா முடியும், சுத்தற கிரைண்டரைவிட அது பாதுகாப்பு. எபாக்சி கிரௌட்டா இருந்தா கல்லு மாதிரி இருக்கும். ஹீட் கன்னால சூடு காட்டினா இளகும், அப்பச் சுரண்டுங்க. சிமெண்ட் கிரௌட்டுக்கு சூடு பலிக்காது.

ரெண்டாவது படி, டைல்ஸ் மேல குறுக்கும் நெடுக்குமா டேப் ஒட்டுங்க. சில்லு பறக்காது, டிரில் பிட்டும் வழுக்காது.

மூணாவது படி, நடுவுல ஓட்டை. ஈட்டி முனை மாதிரி இருக்கற டைல்ஸ் பிட் போட்டு, டிரில்லை ஹேமர் மோடுல வைக்காம, மெதுவான வேகத்துல நடுப்பகுதியில ஏழெட்டு ஓட்டை நெருக்கமாப் போடுங்க. டைல்ஸைத் தாண்டினதும் கை லேசா உணரும். அங்கேயே நிறுத்தணும். பின்னாடி பைப் இருக்கலாம்.

நாலாவது படி, அந்த ஓட்டைக் கூட்டத்துல சின்ன உளியை வெச்சுச் சின்னச் சுத்தியலால தட்டி ஒரு குழி உண்டாக்குங்க. முதல் துண்டு வெளிய வந்துட்டா கஷ்டமான பகுதி முடிஞ்சது. அதுவரைக்கும் டைல்ஸுக்கு நகர இடமில்லை. இப்ப இடம் கிடைச்சிருச்சு.

அஞ்சாவது படி, நடுவுல இருந்து ஓரத்தை நோக்கிப் போங்க. உளியைச் சுவத்தோட கிட்டத்தட்டப் படுக்க வெச்சு, துண்டுக்கு அடியில நுழைச்சுத் தட்டுங்க. செங்குத்தா வெச்சு அடிச்சா அடி சுவத்துக்குள்ள போகும், படுக்க வெச்சா டைல்ஸ் உரிஞ்சு வரும். ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நிறுத்திட்டு, மிச்சத் துண்டை உள்பக்கமா, குழியை நோக்கி இழுத்து எடுங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: பக்கத்து டைல்ஸை முட்டுக்கொடுத்து நெம்பவே கூடாது. அப்படி ஒரே ஒரு தடவை பண்ணினாலும் அதுவரைக்கும் சுரண்டினது எல்லாம் வீண்.

முழுசா எடுக்கணும்னா, அதாவது கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற டைல்ஸை மீட்கணும்னா, நடுவுல உடைக்க முடியாது. நாலு பக்கமும் கோட்டை எடுத்துட்டு, மெல்லிசான பட்டித் தகட்டை ஒரு பக்கமா நுழைச்சுச் சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமாத் தட்டணும். டொக்னு சத்தம் வந்த டைல்ஸா இருந்தா வர வாய்ப்பு அதிகம். பழைய முறையில அரை அங்குலத்துக்கு மேல கனமாக் கலவை வெச்சு ஒட்டியிருந்தா, டைல்ஸுக்கும் கலவைக்கும் நடுவுல முயற்சி பண்ணாதீங்க. கலவைக்கும் சுவத்துக்கும் நடுவுல போங்க. கலவையோட சேர்ந்து வரட்டும், அதைப் பிறகு தரையில வெச்சு நிதானமாத் தேய்ச்சு எடுத்துக்கலாம். எங்க வீட்டுல இப்படி ரெண்டு முழுசா வந்துச்சு. மூணாவது பரண்ல இருந்து கிடைச்சது.

இடைவெளியே இல்லேன்னா

நம்ம ஊர்ப் பழைய பாத்ரூம்கள்ல இதுதான் பெரிய தலைவலி. ஸ்பேசர் வைக்காம டைல்ஸோட டைல்ஸை முட்ட வெச்சு, ஒயிட் சிமெண்ட் தேய்ச்சு விட்டிருப்பாங்க. ஆக்ஸா பிளேடு கனம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதுவே நுழையாது. இதுபோக, இந்த வகை டைல்ஸ் வருஷக்கணக்குல ஈரம் குடிச்சுக் குடிச்சு மயிரிழை அளவுக்குப் பெருக்கும். இடைவெளி இல்லாததால ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். அந்த நிலையில நடுவுல ஒரு அடி அடிச்சா அதிர்ச்சி நேரா பக்கத்து டைல்ஸுக்குத்தான் போகும்.

அப்ப அகழியை எடுக்கற டைல்ஸுக்குள்ளயே வெட்டணும். ஓரத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளி நாலு பக்கமும் கோடு போட்டு, டைமண்ட் பிளேடு மாட்டின சின்ன கிரைண்டரால டைல்ஸ் கனம் அளவுக்கு மட்டும் வெட்டுங்க. மூலையில கவனம். பிளேடு வட்டமா இருக்கறதால, அடியில மூலையைத் தொடறதுக்குள்ள மேல மூலையைத் தாண்டிப் போயிருக்கும். அதனால மூலைக்கு முன்னாடியே நிறுத்திட்டு மிச்சத்தை டிரில் ஓட்டையால சேருங்க. நடுப்பகுதியை எடுத்த பிறகு, சுத்தி நிக்கற ஒரு சென்டிமீட்டர் சட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டா, உள்பக்கமா, கொறடால கிள்ளி எடுக்கலாம். பழக்கம் இல்லாத கையில கிரைண்டர் வேண்டாம். இந்தப் பகுதிக்கு மட்டும் டைல்ஸ் வேலை தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க. ஆனா எங்க வெட்டணும், எந்தத் திசையில அடிக்கணும்னு நீங்க தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நில்லுங்க.

மூடறதுக்கு அவசரம் வேண்டாம்

டைல்ஸ் வந்தாச்சு. பின்னாடி இருக்கற பழைய கலவையை உளியைப் படுக்க வெச்சே எடுங்க. சிபிவிசி பைப் வெளிர் மஞ்சளா இருக்கும், ஒரு தட்டுக்குத் தாங்காது. பழைய இரும்புப் பைப்பா இருந்தா கடற்கரை வீட்டுல துருப்பிடிச்சு மெலிஞ்சிருக்கும், இன்னும் ஜாக்கிரதை.

பைப்பை மாத்தினதும் உடனே மூடாதீங்க. மறுபடி பிரஷர் டெஸ்ட். ஒரு நாள் முழுக்கத் திறந்தே விட்டு, டிஷ்யூ பேப்பரை இணைப்பைச் சுத்தி வெச்சுப் பாருங்க. ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுத்துரும்.

சுவர் காயறதுக்கு நேரம் கொடுங்க. வெள்ளையா உப்பு பூத்திருந்தா காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு மறுபடி உள்ளதான் போகும். கலவைக்கு உப்புப் போர் தண்ணி வேண்டாம். குழாயில வர்ற தாமிரபரணித் தண்ணி எடுங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இந்தியத் தரநிலை 456 சொல்லுது. நம்ம கடலோரத்துல பல போர் தண்ணி அதைத் தாண்டிரும். கடல் மணலும் கூடவே கூடாது.

பூசி, வாட்டர்புரூஃப் பூச்சு கொடுத்து, அது காய்ஞ்ச பிறகு டைல்ஸ். சிமெண்ட் பாலில் ஒட்டறதா இருந்தா டைல்ஸைத் தண்ணியில ஊறப் போடணும். பாக்கெட்ல வர்ற டைல்ஸ் பசையா இருந்தா ஊறப் போடக்கூடாது. இது ரெண்டையும் மாத்திப் பண்றவங்க நிறைய. பசையைச் சுவத்துல சீப்புக் கரண்டியால கோடு இழுத்து, டைல்ஸ் முதுகுலயும் மெல்லிசாத் தடவி, மூலை நாலும் நிறையற மாதிரி அழுத்துங்க. காலி இடம் விட்டா அங்கதான் அடுத்த உப்பு வளரும். பக்கத்து டைல்ஸோட மட்டம் சரியான்னு ஒரு நேர்ச்சட்டம் வெச்சுப் பார்த்து, நழுவாம இருக்க டேப் போட்டு விடுங்க. ஒரு நாள் கழிச்சு கிரௌட். அதுக்கப்புறம் பாக்கெட்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஷவர் பக்கம் போகாதீங்க.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு

தமிழ்நாட்டுல 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, சுவத்துக்குள்ள இருக்கற பைப்பை மாத்தறது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாயும் வாஷரும் மாத்தறது குடியிருக்கறவர் பொறுப்பு. அதனால சுவத்துக்குள்ள கசிவுன்னு சந்தேகம் வந்த அன்னைக்கே போட்டோவோட எழுத்துல சொல்லிருங்க, வாட்ஸ்அப்பாவது அனுப்புங்க. சொல்லாம நீங்களே டைல்ஸை எடுத்துட்டு, பிறகு கணக்கு கேக்காதீங்க. "மொத்தச் சுவரும் வேண்டாம், மூணு டைல்ஸ் போதும், இப்படிச் செய்யலாம்"னு எடுத்துச் சொன்னா அவங்களுக்கும் செலவு மிச்சம். பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

கடைசியா, எப்ப இந்த முறை வேண்டாம்? தட்டிப் பார்த்ததுல சுவத்துல பாதிக்கு மேல டொக்னு சொன்னா, ஒண்ணு ரெண்டா எடுக்கறதுல அர்த்தமில்லை. முழுசா எடுத்துக் காயவெச்சுத் திரும்ப ஒட்டறதுதான் சிக்கனம். பூச்சு கையோட உதிர்ந்து வந்தாலும், கம்பி வெளிய தெரிஞ்சாலும் அப்படித்தான். கம்பி தெரிஞ்சா கொத்தனாரோட நிறுத்தாம ஒரு கட்டடப் பொறியாளரைக் காட்டுங்க.

மத்தபடி ஒழுங்கு இதுதான்: காதால கண்டுபிடி, கோட்டை வெட்டு, நடுவுல உடை, உள்பக்கமா இழு, காயவிட்டு மூடு. உங்க வீட்டுச் சுவர் டிக்னு சொல்லுதா டொக்னு சொல்லுதான்னு தட்டிப் பார்த்து, அந்தச் சத்தத்தை ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சிலதைப் போட்டுக் காட்டறேன். வரட்டா மக்கா, பார்ப்போம்.